ஒரே வீடு, ஒரே வைரஸ், நாலு விதமான ரிப்போர்ட்

கேள்வி வெள்ளவத்தையில் இருந்து வந்தது. வீட்டில் நாலு பேருக்கும் ஒரே கிழமையில் கொரோனா. கேட்டவருக்கு வயது 42. மனைவி எட்டு மாதக் கர்ப்பிணி. அப்பாவுக்கு 71, நீண்ட காலச் சீனி வருத்தம், சிறுநீரகமும் கொஞ்சம் பழுது. மகனுக்கு ஆறு வயது. எல்லாருக்கும் ஒரே ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுத்திருக்கிறார்கள். மகனின் ரிப்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. மனைவியின் டி-டைமர் (இரத்தக் கட்டி கரைவதைக் காட்டுவது) 1,450, வெண்குருதி அணுக்கள் 13,400. அப்பாவின் டி-டைமர் 960, சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டுவது) 58, லிம்போசைட் (ஒரு வகை வெண்குருதி அணு) 700, சீனி 268, கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) 1.6. கேட்டவரின் லிம்போசைட் 900, சி.ஆர்.பி. 22, ஃபெரிட்டின் (இரும்புக் கையிருப்பைக் காட்டுவது, அழற்சியிலும் ஏறும்) 480. "ஒரே வைரஸ் என்றால் ஏன் இவ்வளவு வித்தியாசம்? டி-டைமர் கூட இருப்பதால் மனைவிக்குத்தான் ஆபத்து அதிகமா? பி.சி.ஆரில் எனக்கு சி.டி. 17, அப்பாவுக்கு 29. அப்படியென்றால் அப்பாவுக்கு லேசாகத்தானே வந்திருக்கிறது?" இதுதான் கேள்வி.

தம்பி, கடைசிக் கேள்வியில் தொடங்குகிறேன். சி.டி. என்பது பி.சி.ஆரில் எத்தனை சுற்றில் வைரஸ் தென்பட்டது என்ற எண்ணிக்கை, அந்த 29ஐ வைத்து அப்பாவுக்கு லேசு என்று சொல்ல முடியாது. நாலு பேரில் இந்தக் கிழமை முழுக்கக் கவனமாகப் பார்க்க வேண்டியவர் அவர்தான். மனைவியின் டி-டைமர் பார்க்கப் பயமாக இருந்தாலும் எட்டாம் மாதத்தில் அது அதிசயம் இல்லை. நான் கொழும்பில் ஆய்வுகூட வேலையிலேயே நரைத்தவன், மருந்து எழுதுகிறவன் இல்லை. ஆகவே இலக்கங்களை எப்படி வாசிப்பது என்பதை மட்டும் சொல்கிறேன். சிகிச்சையை உங்கள் டொக்டர் தீர்மானிக்கட்டும்.

ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சடித்திருக்கும் சாதாரண எல்லை எங்கிருந்து வருகிறது தெரியுமா? சுகமாக இருக்கும் வளர்ந்தவர்கள் கொஞ்சப் பேரின் இரத்தத்தைச் சோதித்து, நடுவில் விழும் 95 வீதத்தினரின் அளவை எல்லையாகப் போடுகிறார்கள். அதாவது ஒரு வருத்தமும் இல்லாத 20 பேரில் ஒருவர் எப்படியும் எல்லைக்கு வெளியே நிற்பார். இருபது சோதனை அடங்கிய ஒரு பக்கேஜ் எடுத்தால், கல்லுப்போல இருக்கிற ஆளுக்கும் ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் வரத்தான் பார்க்கும். (கொவிட் காலத்தில் இந்தப் பக்கேஜுகள் விற்ற விற்பனையைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அது வேறு கதை.) அந்த எல்லை கர்ப்பிணிக்காகப் போட்டதும் இல்லை, ஆறு வயதுப் பிள்ளைக்காகப் போட்டதும் இல்லை, சிறுநீரகம் பழுதான 71 வயதுக்காரருக்காகப் போட்டதும் இல்லை. உங்கள் வீட்டில் அது பொருந்துகிற ஒரே ஆள் நீங்கள்தான்.

ஆகவே நாலு ரிப்போர்ட்டுகளுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கு, வைரஸ் வருவதற்கு முன்பே அவரவர் உடம்பில் இருந்தது. இன்னொரு பங்கு, காய்ச்சல் தொடங்கி எத்தனையாம் நாள் இரத்தம் எடுத்தீர்கள் என்பதால் வருவது. இவை இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் வைரஸின் வேலை. நீங்கள் எல்லா இலக்கமும் எழுதியிருக்கிறீர்கள், எத்தனையாம் நாள் என்பதை மட்டும் எழுதவில்லை. வாட்டில் டொக்டர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

நாள் ஏன் முக்கியம்? கொவிட்டில் முதல் சில நாட்கள் வைரஸ் பெருகுகிற காலம். மூச்சுத் திணறல் வருகிறவர்களுக்கு அது பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் வரும். அந்த நேரத்தில் வைரஸ் குறைந்துகொண்டிருக்கும், உடம்பின் எதிர்ப்புத்தான் அளவுக்கு மிஞ்சிப் போயிருக்கும். சி.ஆர்.பி. ஈரலில் உண்டாகும் ஒரு புரதம். உடம்பில் அழற்சி தொடங்கி ஆறு முதல் 12 மணித்தியாலத்துக்குள் ஏறத் தொடங்கும், இரண்டு நாளளவில் உச்சிக்குப் போகும். காரணம் நீங்கினால் சுமார் 19 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பாதியாகும். ஆகவே மூன்றாம் நாள் வந்த 22உம் ஒன்பதாம் நாள் வந்த 22உம் ஒன்றல்ல. முன்னது ஏறுகிற வழியில் இருக்கலாம், பின்னது இறங்குகிற வழியில் இருக்கலாம். இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு ரிப்போர்ட்டுகள், ஒரே நாளில் எடுத்த பத்துச் சோதனையை விட அதிகம் சொல்லும்.

சரி, இனி அப்பா.

சி.ஆர்.பி. 58 என்பது அவருடைய வயதாலோ சிறுநீரகத்தாலோ மட்டும் வரக்கூடிய அளவு இல்லை. நீண்ட காலச் சீனியும் உடற்பருமனும் உள்ளவர்களுக்குச் சும்மா இருக்கும்போதே சி.ஆர்.பி. ஐந்து, பத்து என்று நிற்பது உண்டு. கொழுப்பு இழையம் தானே அழற்சிச் சமிக்ஞைகளைச் சுரப்பது அதற்குக் காரணம். ஆனால் 58 அதைத் தாண்டிய அளவு. பிரித்தானியாவில் நடந்த ரிக்கவரி ஆய்வில், டொசிலிசுமாப் என்ற, அழற்சியை அடக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்க்க ஆட்களைத் தெரிந்தபோது, ஒட்சிசன் குறைந்திருப்பதோடு சி.ஆர்.பி. 75ஐத் தொட்டிருக்க வேண்டும் என்று வைத்தார்கள். கவனியுங்கள், சி.ஆர்.பி. மட்டும் போதாது, ஒட்சிசனும் குறைய வேண்டும். டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொய்டும் அப்படித்தான். 2020 ஜூனில் அதே ஆய்வு சொன்ன விடயம், ஒட்சிசன் தேவைப்பட்டவர்களுக்கு அது உயிரைக் காத்தது, தேவைப்படாதவர்களுக்கு ஒரு பலனும் தரவில்லை என்பது. இரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் பாமசியில் ஸ்டீரொய்ட் வாங்கிக் கொடுத்த வீடுகள் எனக்குத் தெரியும். சீனி வருத்தக்காரருக்கு அது தரும் முதல் பரிசு 400 தாண்டிய சீனி.

அப்பாவின் 268ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்தக் கடும் காய்ச்சலிலும் சீனி ஏறும், கொவிட்டில் கூடுதலாக ஏறும். மறுபக்கம், சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு வெண்குருதி அணுக்கள் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் அழற்சியும் கூடிப் போகிறது. சீனி உள்ள நோயாளரின் சி.ஆர்.பி., ஃபெரிட்டின், டி-டைமர் மூன்றும் சராசரியில் மற்றவர்களை விட உயர்ந்திருப்பதை உலகம் முழுக்கப் பார்த்தோம். சீனியால் இலக்கம் ஏறியதா, வருத்தம் கூடியதால் ஏறியதா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். அவருடைய பழைய எச்.பி.ஏ.1சி. ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். அது கடந்த மூன்று மாதச் சராசரி. அது நன்றாக இருந்து இப்போது மட்டும் 268 என்றால் காய்ச்சலின் வேலை. அதுவே ஒன்பது, பத்து என்றால், இந்தச் சண்டைக்கு அவர் களைத்த உடம்போடு வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

அவருடைய டி-டைமர் 960ஐப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படவில்லை. இரத்தக் கட்டி கரையும்போது வரும் துண்டுகள்தான் டி-டைமர். வயதோடு அது தானாக ஏறும். நுரையீரலில் இரத்தக் கட்டி இல்லை என்று உறுதிப்படுத்த டொக்டர்மார் பயன்படுத்தும் கணக்கு ஒன்று உண்டு: 50 வயதுக்கு மேல், வயதைப் பத்தால் பெருக்கி வருவதை எல்லையாக வைப்பார்கள். 71க்கு அது 710. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் கூட நிற்கும். ஆகவே 960 என்பது அவருக்கு வானத்தில் ஏறிய இலக்கம் இல்லை. அதற்காகத் தள்ளிவிடவும் கூடாது. வுகானில் 2020இன் தொடக்கத்தில் இரண்டு வைத்தியசாலைகளில் இருந்த 191 பேரை ஆராய்ந்தபோது, வந்த நாளிலேயே டி-டைமர் 1,000ஐத் தாண்டியிருந்தவர்களிடையே மரணம் பல மடங்கு அதிகமாக இருந்தது. அந்த ஆய்வு பிரபலமான பிறகுதான் டி-டைமர் என்ற பெயர் வெள்ளவத்தை வீடுகள் வரை வந்தது. ஆனால் அது தடுப்பூசி வருவதற்கு முந்திய காலம், எல்லாரும் வைத்தியசாலையில் சேரும் அளவுக்கு வருத்தம் முற்றியவர்கள். வீட்டில் இருமிக்கொண்டு இருக்கும் ஆளுக்கு அந்தக் கணக்கை அப்படியே தூக்கிப் போட முடியாது.

கிரியாட்டினின் 1.6ஐ அவருடைய வயதோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் சிறுநீரகம் வடிக்கும் அளவு 45ஐச் சுற்றி வரும். இது வேறொரு காரணத்துக்காக முக்கியம். கொவிட்டுக்குக் கொடுக்கும் பக்ஸ்லோவிட் குளிசையின் அளவை அந்த நிலையில் குறைக்க வேண்டும். ஆகவே டொக்டரிடம் போகும்போது இந்த இலக்கத்தை முதலில் காட்டுங்கள். அவர் குடிக்கும் மற்றக் குளிசைகளின் பட்டியலையும் கொண்டு போங்கள். கொழுப்புக் குளிசை உட்படப் பலவற்றோடு பக்ஸ்லோவிட் ஒத்துப்போகாது. நாட்பட்ட சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு இதயத்துக்குப் பார்க்கும் டிரொப்போனினும், பக்டீரியாத் தொற்றைப் பிடிக்கப் பார்க்கும் புரோகல்சிட்டோனினும்கூடச் சும்மாவே உயர்ந்திருக்கலாம். பழைய அளவு தெரியாவிட்டால் வீண் பயம்தான் மிஞ்சும்.

இனித் தங்கச்சியின், அதாவது உங்கள் மனைவியின், ரிப்போர்ட். கர்ப்பகாலத்தில் இரத்தம் வேறு சட்டத்தில் ஓடுகிறது. பிரசவத்தில் இரத்தம் அளவுக்கு மிஞ்சிப் போகாமல் இருக்க உடம்பு முன்கூட்டியே உறைவுச் சத்துக்களைக் கூட்டிக்கொள்ளும். அதனால் மாதத்துக்கு மாதம் டி-டைமர் ஏறும். கடைசி மூன்று மாதத்தில் சுகமாக இருக்கும் பெரும்பாலான தாய்மாருக்கு அது 500ஐத் தாண்டியே இருக்கும், 1,450 அந்தக் கூட்டத்துக்குள் அடங்கும். வெண்குருதி அணுக்கள் 15,000 வரை போவதும் கர்ப்பத்தில் சாதாரணம். ஹீமோகுளோபின் இறங்குவதும் அப்படித்தான், இரத்தத்தின் நீர்ப்பங்கு கூடுவதால் அடர்த்தி குறைகிறது. அல்கலைன் பொஸ்பட்டேஸ் என்ற நொதியம் ஏறியிருந்தால் அது நச்சுக்கொடியில் இருந்து வருவது.

ஏமாற்றுகிற இலக்கங்கள் மறுபக்கத்திலும் உண்டு. கர்ப்பிணியின் கிரியாட்டினின் வழக்கமாக 0.4 தொடக்கம் 0.8க்குள் இருக்கும். ரிப்போர்ட்டில் 1.0 என்று வந்தால் ஆய்வுகூட எல்லைப்படி அது நல்ல அளவு, அச்சில் ஒரு குறியும் இருக்காது. ஆனால் கர்ப்பிணிக்கு அது கேள்வி கேட்க வேண்டிய அளவு. ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற ஈரல் நொதியங்களும் கர்ப்பத்தால் ஏறுவதில்லை. கொவிட் கடுமையான தாய்மாரில் சிலருக்கு ஈரல் நொதியங்கள் ஏறி, பிளேட்லெட் இறங்கி, பிரஷரும் கூடி, பார்ப்பதற்கு அச்சொட்டாகக் கர்ப்பகால பிரஷர் வருத்தம் போலவே இருந்திருக்கிறது. மாறியும் நடக்கலாம். உண்மையிலேயே பிரஷர் வருத்தமாக இருப்பதைக் கொவிட் என்று நினைத்து விட்டுவிடலாம். ஆகவே தங்கச்சியின் டி-டைமரைத் திரும்பத் திரும்ப எடுத்துக் காசை வீணாக்காமல், பிரஷர் பாருங்கள், சிறுநீரில் புரதம் பாருங்கள், பிள்ளையின் அசைவைக் கவனியுங்கள். அசைவு குறைந்தாலோ, தலையிடி, கண் மங்கல், மூச்சு வாங்கல் வந்தாலோ, எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திராமல் அவர் கிளினிக் போகும் மகப்பேற்று வைத்தியசாலைக்கே நேராகப் போங்கள்.

மகனின் ரிப்போர்ட் நன்றாக இருப்பதும் எதிர்பார்த்ததுதான். பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குக் கொவிட் வந்து போகும்போது சி.ஆர்.பி. பெரிதாக ஏறாது. லிம்போசைட் விடயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை: சிறு பிள்ளைகளுக்கு அது இயல்பாகவே பெரியவர்களை விடக் கூடுதலாக இருக்கும். ஒரு வயதுக் குழந்தைக்கு 1,500 என்று வந்தால் பெரியவர்களின் எல்லைப்படி நல்ல அளவு, குழந்தைக்கோ அது குறைவு.

பிள்ளைகளின் உண்மையான பயம் பின்னால் வருவது. 2020 ஏப்ரலில் லண்டனில் எட்டுப் பிள்ளைகள் விடாத காய்ச்சல், வயிற்று வலி, இதயம் சோர்ந்த நிலை என்று அடுத்தடுத்து வந்தார்கள். பிறகு உலகம் முழுக்கக் கண்டார்கள். நம்மிடத்திலும் 2021இல் லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு இப்படிப் பிள்ளைகள் வந்தார்கள். கொவிட் வந்து இரண்டு தொடக்கம் ஆறு கிழமைக்குப் பிறகு, வைரஸ் போய், உடம்பின் எதிர்ப்பு மட்டும் வெறி பிடித்தது போல எழும்பும் நிலை இது. அந்த நேரம் பி.சி.ஆர். பல பிள்ளைகளுக்கு நெகட்டிவ், அன்டிபொடி மட்டும் பொசிட்டிவ். சி.ஆர்.பி. 100, 200 என்று போகும், ஃபெரிட்டின், டி-டைமர், டிரொப்போனின் எல்லாம் ஏறும், லிம்போசைட்டும் பிளேட்லெட்டும் சோடியமும் இறங்கும். பிள்ளைகளுக்கு வரும், இதைப் போலவே தோன்றும் கவசாக்கி நோயில் இரண்டாம் கிழமையில் பிளேட்லெட் ஏறும், இதில் இறங்கும், பிரித்தறிய அது ஒரு தடயம். அபூர்வமானதுதான், பயப்பட வேண்டாம். ஆனால் அடுத்த ஒன்றரை மாதத்துக்குள் மகனுக்கு மூன்று நாள் விடாத காய்ச்சலோடு கண் சிவப்பு, தோல் தடிப்பு, வயிற்று வலி வந்தால், "முந்தி கொவிட் வந்தது" என்று டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருவோம். லிம்போசைட் 900 கொவிட்டின் கையெழுத்து. சீனாவில் 1,099 நோயாளரை வைத்து 2020இல் வெளிவந்த பெரிய அறிக்கையில் 83 வீதமானோருக்கு வைத்தியசாலைக்கு வந்தபோதே லிம்போசைட் குறைவு என்று இருந்தது. இந்த 83ஐப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அங்கே குறைவு என்று எடுத்துக்கொண்டது 1,500க்குக் கீழே. எங்கள் ஆய்வுகூடங்கள் பலவற்றில் எல்லை 1,000. எல்லையை 1,000க்கு இறக்கினால் அந்த வீதமும் இறங்கியிருக்கும். ஓரிடத்தில் 80 வீதம், இன்னோர் இடத்தில் 40 வீதம் என்று படித்துவிட்டு அந்த நாட்டு மக்களின் உடம்பே வேறு என்று முடிவு கட்டுகிறவர்கள் கோட்டை எங்கே கீறினார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஃபெரிட்டின் 480இல் ஆண்-பெண் வித்தியாசமும் இருக்கிறது. ஆண்களின் சாதாரண எல்லையே கூட. மாதவிடாய் வரும் வயதுப் பெண்களின் இரும்புக் கையிருப்பு குறைவாக இருப்பதால் அவர்களின் ஃபெரிட்டின் தாழ்ந்த இடத்தில் இருந்தே ஏறத் தொடங்கும். தங்கச்சிக்கு 200 வந்தாலே அது நல்ல ஏற்றம், உங்களுக்கு 480 நடுத்தரம். ஈரலில் கொழுப்பு உள்ளவர்களுக்குக் கொவிட் இல்லாமலே 400, 500 காட்டும், கொழும்பில் மேசை வேலை செய்யும் நாற்பது வயது ஆண்களில் அது எத்தனை பேருக்கு என்று எண்ணப் போனால் கை சலித்துவிடும். தலசீமியாவுக்கு அடிக்கடி இரத்தம் ஏற்றுகிறவர்களுக்கு ஃபெரிட்டின் ஆயிரக்கணக்கில் நிற்கும். அவர்களுக்கு இந்தச் சோதனையால் கொவிட்டை அளக்கவே முடியாது.

ஒன்று சொல்லாமல் விட்டால் நான் கொழும்பு ஆய்வுகூடக்காரன் இல்லை: டெங்கு. இந்த நகரத்தில் காய்ச்சல், வெண்குருதி அணுக் குறைவு, பிளேட்லெட் 148,000 என்று ஒரு ரிப்போர்ட் கையில் வந்தால், கொவிட் பொசிட்டிவ் என்பதால் டெங்கு இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் ஒன்றாக வரலாம். 2017இல் இந்த நாட்டில் 186,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானார்கள், மழைக்காலம் வந்தால் வெள்ளவத்தை ஒழுங்கைகளும் தப்புவதில்லை. கொவிட்டில் பிளேட்லெட் கொஞ்சம் இறங்கும், ஆனால் 100,000க்குக் கீழே போவது அரிது. டெங்குவில் அது நாளுக்கு நாள் விழுந்துகொண்டே போகும், கூடவே இரத்தத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹீமடோகிரிட் ஏறும், ஏ.எஸ்.டி. ஏ.எல்.டியை முந்தும். சி.ஆர்.பி. அவ்வளவு உயராமல் பிளேட்லெட் மட்டும் விழுந்தால் என் சந்தேகம் டெங்குப் பக்கம்தான் போகும். முதல் நாலு நாட்களுக்குள் என்.எஸ்.1 அன்டிஜன் எடுத்தால் தெரிந்துவிடும். அன்டிபொடி ஸ்ட்ரிப்பை மட்டும் நம்ப வேண்டாம். சிங்கப்பூரில் 2020இன் தொடக்கத்தில் இரண்டு பேருக்கு டெங்கு ஸ்ட்ரிப் பொசிட்டிவ் காட்டி, பிறகு பார்த்தால் டெங்குவே இல்லை, கொவிட். ஆகவே வீட்டில் யாருக்கு எந்தக் காய்ச்சலாக இருந்தாலும் பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள். டைக்குளோபெனாக், இபுபுரோபென் வேண்டாம். டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவு, அப்பாவுக்கோ சிறுநீரகம் இன்னும் பழுதாகலாம்.

உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் சொந்தத்தில் இருக்கக்கூடிய சிலரைப் பற்றியும் இரண்டு வரி. உடம்பின் எதிர்ப்பு தன்னையே தாக்கும் லூபஸ் வருத்தம் உள்ளவர்களுக்கு லிம்போசைட் பெரும்பாலும் குறைவு, சி.ஆர்.பியும் எதிர்பார்த்த அளவுக்கு ஏறாது. ஈரல் சுருங்கியவர்களுக்கும் அப்படியே. சி.ஆர்.பி. ஈரலில்தான் உண்டாகிறது, ஈரலே நொந்து போயிருந்தால் கடும் தொற்றிலும் இலக்கம் அடக்கமாக நிற்கும். டொசிலிசுமாப் ஏற்றியவர்களுக்கு சி.ஆர்.பி. கிழமைக்கணக்கில் அடங்கியே இருக்கும், உள்ளே பக்டீரியாத் தொற்று வந்தாலும் காட்டிக்கொடுக்காது. ஸ்டீரொய்ட் தொடங்கிய அடுத்த நாளே நியூட்ரோபில் என்ற வெண்குருதி அணு ஏறி லிம்போசைட் இறங்கும். அதைப் பார்த்து வருத்தம் முற்றிவிட்டது என்று சொந்தக்காரர் அழுததை நான் கண்டிருக்கிறேன், மருந்தின் வேலைதான் அது.

இனி சி.டி. பி.சி.ஆரில் எத்தனை சுற்றுப் பெருக்கிய பிறகு வைரஸ் தென்பட்டது என்ற எண்ணிக்கை அது. இலக்கம் சிறிதானால் குச்சியில் ஏறிய வைரஸ் அதிகம். 17க்கும் 29க்கும் இடையில் 12 சுற்று. கணக்குப்படி உங்கள் மாதிரியில் அப்பாவுடையதை விட நாலாயிரம் மடங்கு வைரஸ். ஆனால் அது குச்சியில் இருந்த அளவு, அப்பாவின் நெஞ்சில் நடப்பது அல்ல. வயது போனவரின் மூக்கில் குச்சி எவ்வளவு உள்ளே போனது, எத்தனையாம் நாள் எடுத்தது, எந்தக் கருவி என்பவை எல்லாம் அந்த இலக்கத்தை மாற்றும். அதைவிட முக்கியம், மூக்கில் வைரஸ் இறங்குகிற இரண்டாம் கிழமையில்தான் நுரையீரலில் தொல்லை ஏறுகிறது. உங்களுக்கு முன்பே அவருக்குத் தொற்றியிருந்து, அவர் அதைச் சாதாரண இருமல் என்று சொல்லாமல் விட்டிருந்தால், 29 என்பது நல்ல செய்தியே அல்ல, அவர் அந்தக் கட்டத்துக்குள் வந்துவிட்டார் என்ற செய்தி. வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் சோர்வும் சாப்பாட்டில் வெறுப்பும் மட்டும் வருவது உண்டு. எப்போது சாப்பாட்டைக் குறைத்தார் என்று கேட்டுப் பாருங்கள், நாள் தெரிந்துவிடும்.

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு இந்த நாட்கணக்கே பொருந்தாது. பொஸ்டனில் அப்படி ஒரு நோயாளி 154ஆம் நாள் இறக்கும் வரை வைரஸ் அவரை விட்டுப் போகவில்லை. அன்டிஜன் சோதனையும் எல்லாரிடமும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2021இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அறிகுறி உள்ளவர்களில் 72 வீதமானோரையும் அறிகுறி இல்லாதவர்களில் 58 வீதமானோரையும்தான் அது பிடித்தது. ஆகவே வீட்டுக்கு வந்து போன மாமிக்கு அன்டிஜன் நெகட்டிவ் என்றால் அது விடுதலைப் பத்திரம் இல்லை.

அன்டிபொடி எடுக்க யாராவது சொன்னால் இலங்கையில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பைசர், அஸ்ட்ராசெனிக்கா போட்டவர்களுக்கு வைரஸின் வெளி முள்ளுக்கு எதிரான அன்டிபொடி மட்டும்தான் உண்டாகும், உள்ளே இருக்கும் நியூக்கிளியோகப்சிட் புரதத்துக்கு எதிரானது கிடைத்தால் உண்மையாகவே தொற்றியது என்று அர்த்தம். வெளிநாட்டு இணையப் பக்கங்களில் எல்லாம் இப்படித்தான் எழுதியிருக்கும். ஆனால் 2021இல் நம் நாட்டில் பெரும்பாலானோருக்குப் போட்டது சைனோபார்ம். அது கொன்ற முழு வைரஸ், இரண்டு வகை அன்டிபொடியையும் உண்டாக்கும். ஆகவே சைனோபார்ம் போட்டவரின் நியூக்கிளியோகப்சிட் பொசிட்டிவ் ஒன்றையும் நிரூபிக்காது. அந்தக் காசுக்கு அப்பாவுக்கு ஒரு பல்ஸ் ஒக்சிமீட்டர் வாங்கலாம்.

வெளிநாட்டு ஆய்வுகளோடு ஒப்பிடுகிறவர்களுக்கும் ஒரு சொல். 2020இல் இலங்கையில் பி.சி.ஆர். பொசிட்டிவ் ஆன எல்லாரையும், ஒரு தும்மல்கூட இல்லாதவர்களையும், அங்கொடை ஐ.டி.எச். தொற்றுநோய் வைத்தியசாலை போன்ற இடங்களிலும் இடைநிலை நிலையங்களிலும் சேர்த்தோம். அதே நேரம் லண்டனில் மூச்சுத் திணறினால்தான் கட்டில். இரண்டு இடத்திலும் ரிப்போர்ட்டில் எழுதுவது வைத்தியசாலை நோயாளர் என்று. எங்களவரின் சராசரி சி.ஆர்.பி. குறைவாக வந்ததைப் பார்த்து, நாங்கள் மிளகும் கொத்தமல்லியும் குடிப்பதால்தான் என்று பெருமைப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 2021 நடுப்பகுதியில் வீட்டிலேயே பராமரிக்கும் முறை வந்தது, ஓகஸ்ட்டில் டெல்டா உச்சிக்குப் போனது, ஒரு நாளைக்கு 200க்கு மேல் மரணங்கள் பதிவாகின. அப்போது வாட்டில் இருந்து வந்த இரத்தக் குழாய்கள் வுகானின் இலக்கங்களைத்தான் காட்டின. கொத்தமல்லி அப்படியேதான் இருந்தது.

ஆய்வுகூடத்தின் பக்கத்துக் குறைகளையும் மறைக்கக் கூடாது. கையை இறுக்கிக் கட்டி, நரம்பு கிடைக்காமல் கிண்டி எடுத்த இரத்தத்தில் செங்குருதி அணுக்கள் உடைந்தால் பொட்டாசியம், எல்.டி.எச்., ஏ.எஸ்.டி. மூன்றும் பொய்யாக ஏறும். வயதானவர்களிலும் பிள்ளைகளிலும் இது அடிக்கடி நடக்கும். டி-டைமரை இரண்டு வித அலகில் கொடுப்பார்கள், எஃப்.இ.யூ. என்றும் டி.டி.யூ. என்றும். முன்னது பின்னதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இன்று ஓரிடத்திலும் நாளை இன்னோர் இடத்திலும் எடுத்து, 480 இரண்டே நாளில் 960 ஆகிவிட்டது என்று ஓடி வந்தால், ஏறியது அலகு மட்டுமாக இருக்கலாம். எப்போதும் ஒரே ஆய்வுகூடத்தில் எடுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. அப்பாவுக்கு முழு இரத்தப் பரிசோதனை, சி.ஆர்.பி., கிரியாட்டினின் மூன்றையும் இரண்டு நாளில் திரும்ப எடுங்கள். சீனியை வீட்டிலேயே தினமும் பாருங்கள். காலையும் மாலையும் ஒட்சிசன், அறைக்குள் கொஞ்சத் தூரம் நடக்கவிட்டு இன்னொரு தடவை. 94க்குக் கீழே போனால் சி.ஆர்.பி. எவ்வளவாக இருந்தாலும் வைத்தியசாலை. கறுத்த தோலில் அந்தச் சின்னக் கருவி உண்மையான ஒட்சிசனை விடக் கூடக் காட்டலாம் என்று அமெரிக்காவில் 2020 இறுதியில் கண்டார்கள், ஆகவே 94, 95இல் நின்றுகொண்டு மூச்சு வாங்கினாலும் கருவியை நம்பாமல் ஆளை நம்புங்கள். உங்கள் 900 ஒரு கிழமையில் தானாக ஏறிவிடும், திரும்பப் பார்ப்பதென்றால் பிளேட்லெட்டுக்காகப் பாருங்கள். தங்கச்சி அடுத்த கிளினிக்குக்கு இந்த ரிப்போர்ட்டைக் கொண்டு போகட்டும், கொவிட் என்று முன்கூட்டியே அழைத்துச் சொல்லிவிட்டுப் போனால் அங்கேயும் ஒழுங்கு செய்து வைப்பார்கள். மகனுக்கு இப்போது ஒரு சோதனையும் வேண்டாம்.